யாருக்கும் சொந்தமில்லாத கன்று

மே மாதம், வியாழன் இரவு

கண்ணை மூடினால் இன்னும் காலையில் பார்த்த அந்தப் பனிமூட்டம்தான் தெரிகிறது.

ஒரு சங்கம் கொண்டுவந்து விட்டு, இப்போது காட்டில் திரியும் விசென்ட் என்ற ஐரோப்பியக் காட்டுமாடுகளை வேலிக்குள் அடைக்க வேண்டும் என்று மாநில அரசு முடிவெடுத்துவிட்டது. சொந்தக்காரர் உள்ள மாடு என்றால் வேலிக்குள் இருக்க வேண்டும், காட்டு விலங்கு என்றால் யாரும் தொடக்கூடாது. கடைசியாக ஒரு பசு மட்டும் வெளியே நின்றது. அதைப் பிடிக்க, விலங்கு மருத்துவராக நானும் லொறி ஓட்டும் குமரன் அண்ணையும் இன்று விடியவே போனோம்.

பசுவுக்குப் பின்னால் ஒரு கன்று. பிறந்து சில நாள்தான் இருக்கும்.

"இது காட்டிலை பிறந்ததெல்லோ தங்கச்சி, இது ஆற்றை சொத்து?"

"ஒருத்தற்றையும் இல்லை அண்ணை. பிடிக்க ஏலாது."

"தாயைப் பிடிக்கலாம், பிள்ளையைத் தொடேலாது. நல்ல சட்டம்!"

வேலியின் படலையைத் திறந்து உள்ளே ஆப்பிள்களைப் பரப்பினோம். பசு மெதுவாக உள்ளே வந்தது. கன்று வெளியே நின்றது. மூட்டம் அதை மறைப்பதும் காட்டுவதுமாக இருந்தது. பிறகு அது ஒருமுறை கூப்பிட்டது. பசு தின்பதை விட்டுத் திரும்பியது.

"பூட்டட்டோ?" என்றார் அண்ணை.

பூட்டியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும்.

"வேண்டாம் அண்ணை."

பசு எங்களைக் கடந்து போனது. அதன் மூச்சின் சூடு என் கையில் பட்டது. இரண்டும் காட்டு மரங்களுக்குள் சத்தமில்லாமல் கரைந்தன.

நாளை அலுவலகத்தில் என்ன சொல்வேனோ.

என்னை வீட்டில் இறக்கிவிடும்போது அண்ணை கேட்டார்: "ரெண்டும் மலைக்கு அங்காலை போயிருக்குமோ?"

அங்கே வேறு மாநிலம், வேறு சட்டம்; அது இவற்றைக் காப்பாற்றுமோ, கைவிடுமோ. போயிருக்க வேண்டும் என்று நினைப்பதா, போயிருக்கக்கூடாது என்று நினைப்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.