முதல் வரியில் கப்பல்

கப்பல் நேற்றுக் காலை வந்துவிட்டது, காக்கா. அரிசியும் வெங்காயமும் மண்ணெண்ணெயும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. வியாழக்கிழமை மெட்ராசுக்குத் திரும்புகிறதாம்.

உங்கள் கம்பளிக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். இந்தத் தீவின் ஈரத்துக்கு எதுதான் தாங்கும்? காலரெல்லாம் பூஞ்சணம். பெட்டியைத் திறந்ததும் அந்தப் புழுங்கிய வாடை வீடு முழுக்க ஏறிவிட்டது. என் மூத்த மகன், மாமா பெயர் என்று உங்கள் பெயரை வைத்திருக்கிறோமே அவன்தான், கொடியிலிருந்து அதை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோளும் கை நீளமும் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தன. "கழட்டுடா அதை" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா எட்டிப் பார்த்துவிட்டாள்.

அவனும் இரண்டு அறிவிப்புகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறான். அரபு படிக்க வெளிநாடு போக வேண்டுமாம். ஒன்று மூன்று வருடப் படிப்பு. இன்னொன்று சில மாதங்கள்தான், காலையிலிருந்து மாலைவரை அரபு தவிர வேறு பேச்சே கிடையாது. எதை எடுக்கட்டும் உம்மா என்று கேட்கிறான். நீங்களும் நம் உம்மாவிடம் இதே கேள்வியைத்தான் கேட்டீர்கள்.

உங்களுக்கு அந்த ஆசை எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். அபர்தீன் பஜாரில் நம் கடைக்கு எதிரே இருந்த தையல்காரர் மவுத்தானபோது நீங்கள்தான் போய்க் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினீர்கள். உங்கள் குரலுக்குத் தெருவே அடங்கி நின்றது. ஓதி முடித்ததும் அவர் பெண்சாதி உங்களிடம் கேட்டாள்: "இவ்வளவு நேரம் ஓதுனியே தம்பி, அவருக்காக என்னா கேட்டே?" உங்களுக்குப் பதில் தெரியவில்லை. நம்மில் யாருக்குத்தான் தெரியும்? அலிஃப் பே படித்து ஓதக் கற்றுக்கொள்கிறோம், அர்த்தம் மெயின்லேண்டிலேயே நின்றுவிடுகிறது. அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. நான் மீனைப் பொரித்து வைத்துவிட்டு உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் இரண்டு இடங்கள் கிடைத்தன. பெரிய நகரம் ஒன்றில் நான்கு வருடம். வேறொரு ஊரில் ஒரே வருடத்தில் முடித்துவிடுகிற கடும் படிப்பு. அந்த ஊரின் பெயரை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. நம் வாப்பா வியாபாரி புத்தியோடு சொன்னார்கள்: "நாலு வருசச் சரக்கை ஒரு வருசத்துல தள்ளி விடுறான்னா எங்கயோ இடிக்குது. பெரிசுக்கே போ." உம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒரு வருடம் என்றால் அடுத்த நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளை வீட்டில் இருப்பான், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

நல்ல வழியைக் காட்டு என்று கேட்டு உம்மா இஸ்திகாரா தொழுதுவிட்டுப் படுத்தார்கள். பதில் கனவில் வரும் என்று அவர்களுக்குத் திடமான நம்பிக்கை. வெள்ளையோ பச்சையோ கண்டால் போகலாம், கறுப்போ சிவப்போ கண்டால் வேண்டாம். காலையில் நாம் கேட்டபோது உம்மா முகத்தில் களையே இல்லை. "வெள்ளையும் வரலை, கறுப்பும் வரலை. கனவே வரலை மவனே. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள். நீங்கள் சிரித்தீர்கள். "இந்தக் கொசுக்கடியில தூக்கமே வராது, கனவு எங்கேருந்து உம்மா வரும்?" நானும் சேர்ந்து சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை.

ஒரு வருடப் படிப்பையே எடுத்தீர்கள். "உங்களுக்காகத்தான் உம்மா, சீக்கிரம் வந்துடுவேன்" என்று சொல்லி எடுத்தீர்கள்.

அந்த ஊர்க் குளிருக்காக இந்தக் கம்பளிக் கோட்டை வாப்பா ஒரு கப்பல் அதிகாரியிடமிருந்து வாங்கி வந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு வேர்த்து வழிய நின்ற உங்களை "கஸ்டம்ஸ் ஆபீசர் வந்துட்டாரு, கடையை மூடுங்க" என்று கேலி செய்தேன். சாத்தம் ஜெட்டியில் கப்பல் ஏறுவதற்கு முன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கடுதாசி போடுங்க உம்மா. இங்க நடக்கிறது ஒண்ணு விடாம எழுதுங்க."

உம்மா ஒன்று விடாமல் எழுதினார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. ஓதக் கற்ற அரபு எழுத்திலேயே தமிழை எழுதுவார்கள். கீழக்கரையிலிருந்து வந்த நம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்கும் பிஸ்மிக்கு அடுத்த வரியில் கப்பல். அது உம்மாவின் பழக்கம் மட்டுமில்லை, இந்தத் தீவில் யார் எழுதினாலும் அப்படித்தான். பஜாரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் "ஜஹாஜ் கப் ஆயேகா?", கப்பல் எப்போது வரும் என்றுதானே கேட்கிறோம்! கப்பல் எப்போது வந்தது, எப்போது வரும், என்ன இறக்கியது, யார் யார் ஏறினார்கள், இதையெல்லாம் சொன்ன பிறகுதான் கோழி அடைகாப்பதும் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதும்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது வீடே சிரித்தது. சேரப் போன அன்று ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். நீங்கள் வாசித்த அழகில் அங்கே பாடம் நடத்துகிற உஸ்தாது கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களை மேல் வகுப்பில் உட்கார வைத்துவிட்டாராம். "ஒரு சொல்லும் புரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. மண்டையை மட்டும் ஆட்டுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள்.

அப்புறம் வந்த கடிதங்கள் சிறுத்துக்கொண்டே போயின. ஒன்றில் இப்படி எழுதியிருந்தீர்கள்: "உம்மாவின் கடிதம் என் கைக்கு வரும்போது உறையில் பசை ஈரமாக இருக்கிறது." வாப்பா அந்த வரியை இரண்டாம் முறை படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள், உம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. வழியில் யாரோ பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டுகிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் சண்டை மூளும்போல இருக்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

பிறகு கப்பல்கள் வந்தன, உங்கள் கடிதம் வரவில்லை. வாப்பா ஜெட்டிக்குப் போய்ச் சும்மா திரும்பி வருவார்கள். பயத்தில் உம்மாவின் கடிதங்கள் நீண்டன. எந்தக் கப்பலில் உங்கள் பதில் தவறியது என்று ஒவ்வொரு கப்பலாக விசாரித்து எழுதினார்கள். எந்தக் கப்பல் எங்கே நின்றது, ஏன் தாமதம் எல்லாம்.

மெட்ராசிலிருந்து தந்தி வந்தது. வாப்பா போனார்கள். திரும்பி வரும்போது கையில் உங்கள் ட்ரங்குப் பெட்டி, அதற்குள் இந்தக் கோட்டு. ஜுரத்தில் இறந்துபோனீர்கள் என்று வீட்டில் சொன்னார்கள். அங்கிருந்து வந்த காகிதத்திலும் அப்படித்தான் இருந்ததாம். கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் வீடுபோல நம் வீடு இருண்டு கிடந்தபோது, ஒரு மத்தியானம் கடையின் பின்கட்டில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாப்பா என்னிடம் மிச்சத்தைச் சொன்னார்கள். எனக்கு மட்டும்.

உங்கள் அறையில் இருந்த இலங்கைப் பையன் மெட்ராசில் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தானாம், ஊர் திரும்புகிற வழியில். அந்த நாட்டு அரசாங்கத்தின் ஆட்கள் இரண்டு பேர் வந்து உங்களையும் உம்மாவின் கடிதக் கட்டையும் கொண்டுபோயிருக்கிறார்கள். எழுத்து அரபு, ஆனால் அங்கே படித்தவன் எவனுக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. நீங்கள் அது தமிழ் என்றீர்களாம், எனக்கு அரபு தெரியாது என்றீர்களாம். மேல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவன், உஸ்தாதை அழவைத்தவன், அரபு தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

அந்தப் பையனுக்கு நம் அரபுத்தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியும். உங்களைக் காப்பாற்றிவிடலாம் என்று அவனாகவே போய், நான் வாசித்துக் காட்டுகிறேன், எல்லாம் வீட்டுச் சேதிதான் என்று சொல்லியிருக்கிறான். கட்டிலிருந்து அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். முதல் கடிதம், கப்பல் வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்தது, கப்பல் மண்ணெண்ணெய் இறக்கியது. அதற்கடுத்தது, கப்பல் இந்த முறை வேறு வழியாகப் போகிறது. சண்டை நேரத்தில் அவை உளவுக் கடிதங்கள்போலவே கேட்க, வாசிக்க வாசிக்க அவன் குரல் இறங்கிவிட்டதாம். "தீவுக்காரங்க இப்படித்தான் எழுதுவாங்க" என்று அவன் சொன்னதை அவர்கள் எழுதிக்கூடக் கொள்ளவில்லையாம். அதற்குப் பிறகு உங்களை அவன் பார்க்கவில்லை.

"உன் உம்மா காதுக்கு இது போகவே கூடாது புள்ளே" என்றார்கள் வாப்பா. போகவில்லை. கண் மூடும்வரை உம்மா என்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "நான் எழுதுனதெல்லாம் அவனுக்குக் கிடைச்சிச்சா?" கிடைத்தது உம்மா, காக்கா எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார்களாம் என்று சொல்வேன். அவர்கள் முகம் கொஞ்சம் தெளியும். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

என் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அது வேற நாடு உம்மா, காலமும் மாறிடுச்சு" என்கிறான். மூன்று வருடப் படிப்பையே எடு என்று மன்றாடினேன். சின்னதைத்தான் எடுத்திருக்கிறான். "உங்களுக்காகத்தான். சீக்கிரம் வந்துடுவேன்ல?" என்று உங்கள் பிடிவாதத்தோடு, உங்கள் வார்த்தையையே சொல்கிறான். நானும் இஸ்திகாரா தொழுதுவிட்டுப் படுத்தேன், காக்கா. எனக்கும் கனவு வரவில்லை.

இந்த வாரம் முழுக்க அவனுக்கு எழுதப்போகிற கடிதத்தை எழுதிப் பழகுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எழுத்தில்தான். சலாம் எழுதுகிறேன், சுகமா என்று எழுதுகிறேன். அதற்குமேல் கை தானாகக் கப்பலுக்குப் போகிறது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறேன். மழை பெய்தது, பப்பாளி பழுத்தது, தம்பிக்குச் சளி. கடலே இல்லாத ஊரிலிருந்து எழுதுகிறவள்போல எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கப்பல் வியாழக்கிழமை திரும்புகிறது. அவன் அதில்தான் போகிறான், உங்கள் கோட்டோடு. இனி எந்தக் கப்பல் வந்தாலும் போனாலும் உங்களுக்கு மட்டும்தான் எழுதுவேன், காக்கா. உங்களை இனி யாரும் கூப்பிட்டு எதுவும் கேட்க முடியாது.