ஐந்தாவது கேள்விக்கு அம்மா சொன்ன பதில்

அன்புள்ள தங்கை வாலுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொல்கிறாள், நடுநடுவே வரும் எரிச்சல் மட்டும் உன் அண்ணனுடையது. இங்கே எல்லாரும் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்கச் சொன்னாள், எழுதிவிட்டேன். ஆனால் அது பொய். அந்தப் பொய்யால் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு மூன்று மாடி ஏற அரை மணி ஆகிறது. நான் ஏழு மணிக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருகிறேன். வாரம் மூன்று நாள் வந்து உதவ ஓர் ஆள் வேண்டும் என்று நலத்துறையில் மனுக் கொடுத்தோம். ஓர் அதிகாரியம்மா கையில் டேப்லெட்டோடு வந்தார். பதினோரு கேள்வி. ஐந்தாவது கேள்வி, தங்களின் ஒட்டுமொத்த நல்வாழ்வு நிலை எவ்வாறு உள்ளது. அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், ரொம்ப நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவரும் அந்த டீயைக் குடித்தபடியே 'மிக நன்று' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டார். பத்து நாளில் பதில் வந்தது. நல்வாழ்வு மிக நன்று என்பதால் உதவியாளர் தேவைப்படவில்லையாம், கீழே வாழ்த்து வேறு. ஏம்மா இப்படிச் சொன்னே என்று கத்தினேன். "முன்னப்பின்ன தெரியாத பொண்ணு, மூணு மாடி ஏறி வந்து நல்லா இருக்கீங்களான்னு கேக்குது. அதுகிட்டப் போய் முட்டி வலிக்குதுன்னு மூக்கைச் சிந்துவாங்களாடா?" என்றாள். கேள்வி மரியாதைக்கு, பதிலும் மரியாதைக்கு. பாவம், டேப்லெட்டுக்கு மரியாதை தெரியவில்லை.

அரை நாள் லீவு போட்டு ஆபீசுக்குப் போனேன். நீ அங்கே செக் மொழியில் பெயர்த்துக்கொண்டிருப்பதாகக் கடிதத்தில் புலம்பியிருந்த அதே படிவம்தான். ஆங்கிலத்தில் ஒரே ஒரு படிவம் செய்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள், ஐந்தாவது கேள்விகூட இடம் மாறவில்லை. இந்தக் கேள்வி யாருக்கும் புரியாது சார் என்றேன். பிரிவுத் தலைவர் சிரித்துக்கொண்டே, நிபுணர்கள் மொழிபெயர்த்தது தம்பி, இன்னொரு நிபுணர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், அச்சு அசலாக வந்துவிட்டது என்றார். நான் தராசு சரிபார்க்கிறவன். தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்க எடை தெரிந்த கல்லை வைப்போம். நீ ஒழுங்காக இருக்கிறாயா என்று தராசையே கேட்க மாட்டோம். இவர்கள் ஆங்கிலம் போய் ஆங்கிலம் திரும்பியதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள், நடுவில் ஒரு மனுஷி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவில்லை.

இனி உன் விஷயம். இங்கே நல்வாழ்வு என்று போட்ட அந்த வெல்பீயிங்குக்குச் செக் மொழியில் நீ வைத்த எளிய சொல்லை அடித்துவிட்டு, தெருவில் யாரும் பேசாத மூன்று சொற்களைக் கோத்து வைத்தார்கள், திருப்பிப் பார்த்ததில் அழகாகப் பொருந்திவிட்டது, மொழிபெயர்ப்பு சரி என்று மாதக் கடைசிக்குள் நீ கையெழுத்துப் போடாவிட்டால் உன் ஒப்பந்தம் நீளாது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு நான் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. உன் கட்டடத்தில் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் செக் பேசும் கிழவிக்கு நீ பை தூக்கிக் கொடுப்பாயே, அவளிடம் அந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்கச் சொன்னாள். உன் சொல்லில் ஒரு தடவை, அவர்கள் சொல்லில் ஒரு தடவை. இரண்டுக்கும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லுவாள் பார், அப்போது அவள் நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருக்கிறாள் என்று கவனி என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. நானும் நீயும் சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம், கேள்வியே தப்பு. படி ஏறுவீர்களா, எத்தனை, யார் கையைப் பிடித்துக்கொண்டு என்று கேட்டிருந்தால் அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டாள். இதை எழுதி உன் கையெழுத்துக்கு மேலே இணைத்துக் கொடு. வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்லுவேன், வாடகை கட்டுவது நீ, அதனால் யோசித்துச் செய்.

மறுமனுக் கொடுத்திருக்கிறோம். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லும்படி அம்மாவுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். நேற்றுத் தபால்காரர் எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், எனக்கென்ன குறை, ராணி மாதிரி இருக்கேன் என்றாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. பயிற்சி தோல்வி. உன் அறையில் என் மேசையைப் போட்டுவிட்டேன், கத்தாதே.

முடிக்கும் முன் அம்மா உன் கடிதத்தை வாங்கி விரலால் எண்ணினாள். நான் நலம் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். இதுவும் டீ போட்டுக் கொடுத்த பதில்தானே என்று கேட்கிறாள். அடுத்த தடவை அந்தச் சொல்லே வரக்கூடாதாம். ராத்திரி என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய், கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தாய், அதை எழுது. கால் நோகாமல், தனியாகச் சாப்பிடாமல், மகராசியாக இரு என்று ஆசீர்வதிக்கிறாள். கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

கையெழுத்தை நானே போடுகிறேன் என்று அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

இப்படிக்கு,
முட்டி ரொம்ப வலிக்கிற
உன் அம்மா