டேவிட்சன் வள்ளத்தில் கிடந்த பெட்டி

தூத்துக்குடி
4.7.2024

பனிமய மாதா காவலில் இருக்கிற என் பேத்தி ஜெஸ்லினுக்கு, ஆச்சி ஆசையாய் எழுதுவது.

உன் அக்கா ஸ்டெபிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. தம்பி ஜெனிஸ் கப்பல் படிப்பில் மூன்றாவதாக வந்துவிட்டான். உன் அண்ணன் ஜாய்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். எல்லாருக்கும் மேலே நீ. ஓடுகிற வள்ளத்துக்கெல்லாம் பேசுகிற பெட்டி வைத்த பிள்ளையோட ஆச்சி என்று மார்க்கெட்டில் எனக்கு விலகி வழி விடுதாளுவ. அஞ்சாங் கிளாஸோட நின்னவளுக்கு வேறென்ன வேணும்?

ஒரு கூத்து கேளு. வள்ளம் எங்கன நிக்குதுன்னு உன் பெட்டி கரைக்குச் சொல்லிருமாமே. உன் மாமன் செபாஸ்டின் விடுவானா? கடலுக்கடியில் சீலா மீன் அடையுற பாறைத் திட்டு, பழைய முத்துப் பார் ஒன்று அவனுக்கு மட்டும் தெரியும். அதை மறைக்க, பெட்டியைக் கழற்றி டேவிட்சன் வள்ளத்துப் பலகைக்குக் கீழே சொருகிட்டான். டேவிட்சனுக்கே தெரியாது! எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான்.

உன் ஆச்சி,
அமலோற்பவம்


சென்னை
13.7.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. நீங்கள் ஸ்டெபியை வழியனுப்பப் போன அன்று மாமா வள்ளத்தில் எஞ்சின் நின்று, மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று நடுக்கடலுக்கு இழுத்துப் போயிருக்கிறது. டேவிட்சன் அண்ணன் கரை சேர்ந்ததும், மாமா வள்ளமும் சேர்ந்துவிட்டதாக மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரில் காட்டியது. யாரும் தேடவில்லை. மறுநாள் தோணிக்காரர்கள் கண்ணில் படாமல் போயிருந்தால்?

வள்ளங்கள் நகர நகர, பெட்டி பக்கத்து வள்ளத்தைப் பிடித்து அதன் வழியாகக் கரைக்குச் செய்தி சேர்க்கிறதா என்பதுதான் என் சோதனை. அது ஒரு தடவையும் அறுபடவில்லை. ஆனால் மாமா சங்கத்தில், "பெட்டி என் வள்ளத்துலதான் இருந்துச்சு, பொய் சொன்னது அதுதான்" என்றுவிட்டார். நான் பேசினால், தன் தப்பை மறைக்கிறாள் என்கிறார்கள். எல்லாப் பெட்டியையும் கழற்றுகிறார்கள். என் வேலை போகட்டும் ஆச்சி. அடுத்த காற்றில் சிக்குகிறவனை எப்படித் தேடுவார்கள்?

மாமா உங்களிடம் சொன்னதை நீங்கள்தான் சொல்ல முடியும். கேட்கவும் மனம் வரவில்லை.

ஜெஸ்லின்


தூத்துக்குடி
22.7.2024

என் கண்ணு ஜெஸ்லினுக்கு,

நேற்று பூசை முடிந்து சங்கத்து ஆட்கள் கோயில் வாசலில் நின்றார்கள். உன் மாமனும் நின்றான். "எம் மகன் பொய் சொல்லுதான். பெட்டி டேவிட்சன் வள்ளத்துல கிடந்துச்சு" என்றேன்.

"பேத்திக்காகப் பெத்த மகனையே காட்டிக் கொடுக்கியளா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"ஏலே, நாளைக்குக் காத்துல போறது உன் மகனா இருந்தா எங்கன போய்த் தேடுவ?" என்றேன். டேவிட்சன்தான், "அண்ணாச்சி, பெட்டி சவாரி போன வாடகையை எடும்" என்று கேலி பண்ணினான். எல்லாரும் சிரித்தார்கள். செபாஸ்டின் தலை நிமிரவில்லை.

பெட்டிகளை மறுபடி கட்டுகிறார்கள். ஆபத்தில் மட்டும் இடம் காட்டுகிற மாதிரி செய்ய முடியுமா என்று உன்னைக் கேட்கச் சொன்னார்கள்.

செபாஸ்டின் தன் பெண்டாட்டி பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது சுவரில் இருந்த உன் படத்தை எடுத்துத் தரையில் அடித்தான். நான் தடுக்கலை. பெத்த வயிறு, அவனையும் திட்ட முடியலை. கண்ணாடியைக் கூட்டி அள்ளிட்டேன். ஆணி மட்டும் நிக்குது. புதுசா ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

ஆச்சி