நாலு கோடு

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று என் சிநேகிதன் முத்துப்பாண்டி என் உதட்டைக் கிழித்துவிட்டான். தப்பு என்னுடையதுதான்.

போன மாதம் சீன எழுத்து பழகும் வீடியோ ஒன்றைப் பார்த்து, முதல் பாடத்தின் நாலு கோடுகளை, அதில் சொன்ன வரிசை தப்பாமல், தாளில் கிறுக்கினேன். ஒன்று படுத்திருக்கும், ஒன்று நிற்கும், மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். எழுத்தே இல்லை, வெறும் கைப்பழக்கம். "மாப்ள, இதுக்கு மாடுபிடி வீரன்னு அர்த்தம்" என்று முத்துவிடம் அவிழ்த்துவிட்டேன். அவன் நேராக அவனியாபுரம் போய் அதை முன்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்கவே நேரம் சரியாக இருந்தது.

இன்று அவன் வேலை பார்க்கும் கப்பலூர் கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த சீனாக்காரர், "இது குழந்தைங்க எழுதிப் பழகுற கோடு" என்று சொல்லிவிட்டாராம்.

சாயந்திரம் என் வீட்டு வாசலிலேயே முத்து என் சட்டையைப் பிடித்தான். "எம்புட்டு பேர் சிரிச்சாங்க தெரியுமாடா?" முதலில் அறை, அப்புறம் குத்து. "வரிசை தப்பாம அடிக்கிற மாப்ள, நீயும் பாடம் படிச்சியா?" என்றேன். அதற்குத் தனியாக நாலு விழுந்தது. ஒரு பல் ஆடுகிறது.

அதுகூடப் பரவாயில்லை. போகும்போது பச்சையைக் காட்டிச் சொன்னதுதான் தூங்கவிடவில்லை. "கம்பியைக் காய்ச்சி நானே இதப் பொசுக்கிக்கிறேன்டா."

சொன்னால் செய்கிற ஆள். ஆறு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. அம்மா தூங்கட்டும், சைக்கிளை எடுத்துக்கொண்டு செல்லூரில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போகிறேன்.