மீன் தொட்டியும் மாப்பிள்ளையின் கையும்

விருதுநகர்
19.10.2008

அன்பு மகள் ஷாஹிதாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கடல் தாண்டி சலாலா ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். இதற்குக் கீழே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், எழுத வரவில்லை. பத்து நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். உன் மாப்பிள்ளை சாபிர், பட்டாசுக் கம்பெனியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்ததாக உன்னிடம் சொல்லியிருக்கிறார். அது பொய். ஒடித்தது நான்தான். நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்ந்து படி.

எல்லாம் உன் மீன் தொட்டியில் ஆரம்பித்தது. போர்வெல் தண்ணீர் பாதி, மழைத் தண்ணீர் பாதி, ஒரு தடவைக்குக் கால் தொட்டிக்கு மேல் மாற்றக் கூடாது என்று நீ எழுதி ஒட்டிவிட்டுப் போனதை நான் ஒரு வெள்ளிக்கிழமை கூடத் தவறவிட்டதில்லை. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்க நீ கொடுத்த சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் சிவப்பு பச்சையாகிறது என்று எண்ணுவேன். நம் போர்த் தண்ணீருக்கு இருபத்து நாலு சொட்டு, கலந்த தண்ணீருக்குப் பன்னிரண்டு. மண்டியில் மல்லி மூட்டையைக் கூட நான் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை என்று உன் அம்மா கேலி செய்வாள். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. டிரம்மில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீர் ஆவணியோடு தீர்ந்தது. வெறும் போர்த் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை ஏறியது, செடிகளின் இலையெல்லாம் சொரசொரத்தது, புதுக் குருத்து மஞ்சளாக வந்தது, சின்ன மீன்கள் கட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. டிசம்பரில் நீ வரும்போது விட்டுப்போனபடியே இருக்கும் என்று வாக்குக் கொடுத்தவன் நான், எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாயில் வரும் குடிதண்ணீரில் இரண்டு குடம் எடுக்கப் போனேன், மாப்பிள்ளை மறித்தார். தெருவுல குடத்துக்குக் குடம் மண்டையை உடைச்சிக்கிறாக, மீனுக்கு ஊத்துனா நம்ம மூஞ்சியில துப்புவாக மாமா என்றார். நியாயம்தான். ஆனால் என் வீட்டில் என் கையைப் பிடித்துக் குடத்தை வாங்கி வைத்தது எனக்கு உள்ளே கொதித்தது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவருக்கு இவ்வளவு வாயா என்று நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை அவர் வேலை பார்க்கும் தாயில்பட்டிப் பக்கம் நல்ல மழை, இங்கே ஒரு தூறல் இல்லை. இரண்டு கேன் பிடித்து வாருங்கள் என்று போனில் சொன்னேன். அங்கன பிடிக்கக் கூடாது மாமா, சொன்னாக் கேளுங்க என்று சொல்லி வைத்துவிட்டார். தீபாவளி சீசன், லோடு ஏற்றும் அவசரம், காரணம் சொல்ல நேரமில்லை. நான் அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர் சங்கிலிமுத்து நமக்குப் பழக்கம்தானே, அவனிடம் சொன்னேன், அவன் ஒரு ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து வழிந்ததை இரண்டு கேன் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளிக்கிழமை காலையில் சொட்டு எண்ணினேன், இரண்டே சொட்டில் பச்சையாகிவிட்டது. இவ்வளவு உப்பில்லாத தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் இரண்டு கேனையும் ஊற்றிவிட்டு மண்டிக்குப் போனேன்.

ஜும்ஆ தொழுகையில் மாப்பிள்ளையைக் காணவில்லை. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தால், மீனெல்லாம் வயிறு மேலாக மிதக்கிறது, அவர் முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டு நிற்கிறார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஏலே, வஞ்சம் வச்சு விஷத்தைக் கலந்துட்டியாலே என்று கத்தினேன். மகளைக் கொடுத்த நாளிலிருந்து வாங்க போங்க என்று கூப்பிட்ட வாய் இது. பக்கத்தில் கிடந்த முக்காலியைத் தூக்கி அடித்தேன். முதல் அடி தோளில், இரண்டாவது வலது முன்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது ஷாஹிதா, கேட்ட பிறகும் மூன்றாவது அடிக்கு ஓங்கினேன். அவர் குனிந்ததால் அது தொட்டியில் விழுந்தது. கண்ணாடி வெடித்து, தண்ணீரும் சரளையும் செடியும் செத்த மீனும் வீடு முழுக்கப் பாய்ந்தன. அவர் அந்தக் கண்ணாடிச் சில்லு மேலேயே விழுந்தார். தரையெல்லாம் ரத்தம். அப்போதும் குனிந்து அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்தேன். அவர் ஒரு கையைக் கூட என் மேல் ஓங்கவில்லை, குடம் மாமா, குடம், குடம் என்று மட்டும் சொன்னார்.

உன் அம்மா சோற்றுக் கரண்டியோடு ஓடிவந்து என் முதுகில் ஓங்கிப் போட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னை அடித்தது அன்றைக்குத்தான். என்னை இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் காட்டினாள். ஒரு குடம் போர்த் தண்ணீரில் நான்கு மீன்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. தொழுகைக்குக் கிளம்பியவர் மீன்கள் வாயைப் பிளப்பதைப் பார்த்து, ஜும்ஆவை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அள்ளி அதில் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்தாவது மீனைப் பிடிக்கப் போனபோதுதான் நான் உள்ளே நுழைந்திருக்கிறேன்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை, சங்கிலிமுத்துவைத் தேடிப் போய் வேனிலிருந்து இழுத்து இறக்கினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, கூரைத் தண்ணிதான வேணும்னீக பாய், கூரையில என்ன கிடந்துச்சுன்னு கேட்டீகளா, வருசம் பூரா மருந்துத் தூசி படிஞ்ச தகரம், முதல் மழையில அம்புட்டும் கரைஞ்சு வந்திருக்கும், அதுலதான் பிடிச்சேன் என்றான். பட்டாசு மருந்து வாசம் பிடித்தே வளர்ந்த ஊர்க்காரனான எனக்கு அது தோன்றவில்லை. உன் சொட்டு மருந்து உப்பை மட்டும்தான் காட்டும், விஷத்தைக் காட்டாது என்பதும் தோன்றவில்லை.

கையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். விரல்கள் அசைகின்றன, பிடிமானம் வர நாளாகும் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமும் வழுக்கி விழுந்ததாகவே சொன்னார். என்னிடம், ஷாஹிதாவுக்குத் தெரிய வேணாம் மாமா, அந்தப் புள்ள அங்கன தனியாக் கிடந்து அழும் என்றார். அவருடைய அம்மா வந்து தங்கள் ஊர் ஆமத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மன்னிப்புக் கேட்க நேற்றுப் போனேன். சம்பந்தியம்மா சத்தம் போடவில்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, உங்க மகள நான் இப்படி அடிச்சிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீக என்று கேட்டார்கள். வெட்டியிருப்பேன் என்பதுதான் உண்மை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஷாஹிதாம்மா, அவர் மறைக்கச் சொன்னதை நான் உடைத்துவிட்டேன் என்று அவரிடம் கோபப்படாதே. உன் கோபம் முழுக்க எனக்கு. டிசம்பரில் விமான நிலையத்துக்கு நான் வரட்டுமா, வேண்டாமா என்பதை நீயே சொல். வேண்டாம் என்றால் அம்மா மட்டும் வருவாள், நான் வீட்டில் இருப்பேன், ஏன் என்று கேட்க மாட்டேன். வந்து இறங்கியதும் நேராக ஆமத்தூர் போ. அல்லாஹ் உனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அவருக்கு இடது கையால் போன் பிடித்துப் பழக்கமில்லை, முதல் மணிக்கு எடுக்கவில்லை என்றால் வைத்துவிடாதே, எடுக்கும் வரைக்கும் அடிக்க விடு.

உன் அத்தா,
ஜமால் முகம்மது