தொப்பிக்குள் தைத்த மோதிரம்

வினிபெக்,
அக்டோபர் 9

அன்புள்ள ஒடெட்,

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. அண்ணன் மகள் டில்டா வந்து வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்தாள்.

உன் அழைப்பு கிடைத்தது. சனிக்கிழமை டொரொண்டோவில் விழா. மேடையில், நம் காலத்து விமானப் பணிப்பெண்களைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எடுத்தவர்களோடு நீ, உன் பக்கத்தில் நான், இரண்டு பேரும் அந்தக் காலத்து நீலச் சீருடையில். 'எல்லாம் அப்படியே நடந்ததுதான்' என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். விமானச் சீட்டும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். சும்மா எவனாவது இரண்டு கிழவிகளுக்குச் சீட்டு அனுப்புவானா? அப்போதே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது.

பார்க்காமல் பேசக்கூடாது என்று தொடரைப் பார்த்தேன். டில்டாவும் கூட உட்கார்ந்தாள். அவளும் இப்போது விமானப் பணிப்பெண்தானே. எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார்கள்! எனக்குப் பயமே அதுதான். வெள்ளைக் கையுறை, வெள்ளிக் கெண்டியில் காபி. டில்டா பெருமூச்சு விட்டு, "அத்தை, உங்க காலம் எவ்ளோ நல்லா இருந்திருக்கு! எங்களை எவன் மதிக்கிறான்?" என்றாள். அவள் வேலை செய்யும் விமானக் கம்பெனிதான் விழாவுக்குப் பணம் போடுகிறதாம். அந்தப் பழைய சீருடையை, குதிகால் உயர்ந்த செருப்போடு, இவர்களுக்கும் மாட்டிவிடப் போகிறார்களாம். இப்போது புரிகிறதா சீட்டு ஏன் வந்தது என்று?

நம் மேற்பார்வையாளர் மிஸ் பிரூவிட்டைப் பெற்ற தாயாக்கிவிட்டார்கள். காலரைச் சரிசெய்து, "பத்திரமா போயிட்டு வாங்க கண்ணுங்களா" என்கிறாள். நம் பிரூவிட் என்றைக்குக் காலரைத் தொட்டாள்? அவள் கை இடுப்புக்குத்தானே போகும். உள்ளே இறுக்குக் கச்சை போட்டிருக்கிறோமா என்று கிள்ளிப் பார்த்து, "என்னம்மா, கேக்கு கொஞ்சம் ஜாஸ்தியா உள்ள போயிடுச்சோ?" என்பாளே. எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் வெறும் செலரிக் கீரைத் தண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தோமே, அதை ஒரு காட்சியிலும் காணோம்.

அதையும் விட்டுவிடலாம். நான்காம் வாரப் பகுதியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பணிப்பெண் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தெரிந்தால் வேலை போய்விடும் என்று மோதிரத்தைத் தொப்பியின் உள்துணியில் தைத்து ஒளிக்கிறாள். ஒடெட், உன் மோதிரத்தை உன் தொப்பியில் தைத்தது நான். கண்டுபிடித்த பிரூவிட்டும் இன்று உயிரோடு இல்லை, உன் புருஷன் கார்டனும் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சம் யார்?

தொலைபேசியில் கேட்டால், "எனக்கென்னடி தெரியும், அவங்களே கற்பனையா எழுதியிருப்பாங்க" என்றாய். கற்பனைக்கு நூலின் நிறம்கூடவா தெரியும்? தொடரிலும் அதே சிவப்பு நூல். அன்று வீட்டில் வேறு நூல் இல்லை.

சொன்னதற்காகக் கோபமில்லை. அது உன் கதை. என்ன சொன்னாய் என்பதில்தான் சந்தேகம். தொடரில் அவளே தொப்பியைக் கழற்றி மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொள்கிறாள். கேப்டன் கைதட்டுகிறார். பிரூவிட் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். விமானப் படிக்கட்டின் கீழே கணவன் ரோஜாக்களோடு நிற்கிறான். டில்டா அழுதேவிட்டாள். "காதலுக்காக வேலையையே தூக்கிப் போட்டுட்டாங்க பாருங்க அத்தை!" என்றாள். நான் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டேன்.

தூக்கியா போட்டாய் நீ? கால்கரி விமான நிலையத்தில், முடி காலருக்கு மேலே நிற்கிறதா என்று பார்க்க பிரூவிட் உன் தொப்பியைக் கழற்றினாள். உள்துணிக்குள் இருந்த மோதிரம் அவள் விரலில் தட்டுப்பட்டது. சீருடை கம்பெனியுடையது என்று அங்கேயே அவிழ்த்து வாங்கிக்கொண்டாள். விமானத்திலும் ஏற்றவில்லை. பையில் இருந்தது இரவு உடை ஒன்றுதான். அதன்மேல் யாரோ கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தாய். கார்டன் நிலையத்துக்கு வரவில்லை. சம்பளம் போன எரிச்சலில் வீட்டிலேயே இருந்துவிட்டான்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அவர்களிடம் கதை சொல்லும்போது அந்த ரோஜாவை அவன் கையில் கொடுத்தது நீதான், இல்லையா? அவன் போனபிறகு வீடு அவ்வளவு வெறிச்சென்று ஆகிவிட்டதா? கொடுத்துக்கொள்ளடி. அதைத் தடுக்க நான் யார்? ஆனால் பிரூவிட்டுக்கு அந்தக் கண்ணீரைக் கொடுக்காதே. டில்டா அதை நம்பிக்கொண்டு அந்தச் சீருடைக்குள் நுழையப் போகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தொடரில் அவளுக்கு ஒரு தோழிகூட இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வலித்தது.

சனிக்கிழமை வருகிறேன், என் சொந்தச் செலவில். சீருடை போட மாட்டேன், மேடைக்கும் ஏற மாட்டேன். கீழே, உன் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு போ. அந்த மண்டபங்களில் குளிர்.

அன்று ரயிலில் நீ திரும்பி வந்தபோது யார் காத்திருந்தார்கள் என்று கேட்பார்கள். கார்டன் என்றே சொல், பரவாயில்லை. ஆனால் நடைமேடையில் தன் பாவாடையையும் ஸ்வெட்டரையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தியும் நின்றிருந்தாள் என்று சொல்லிவிடு. பெயர் சொல்ல வேண்டாம்.

என்றும் உன்,
வெர்னா