ஏன் எங்கள் பல்கலைக்கழகம்? – முன்னூறு வார்த்தைக்குள்

டிச. 2, திங்கள்

பனி. மூணு நாளாகத் துணி காயவில்லை. ஈரப் பாவாடையோடுதான் காப்பிப் பழம் பறிக்கப் போனேன்.

விண்ணப்பத்தில் பாக்கி:
– போட்டோ (ஒரு கண் மூடியிருக்கிறது. போகட்டும்.)
– அம்மா வேலை செய்யும் எஸ்டேட்டிலிருந்து கடிதம். அது இருந்தால்தான் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம்.
– கட்டுரை. 'எங்கள் பல்கலைக்கழகம் உங்களை ஏன் ஈர்க்கிறது?'

கட்டுரைதான் இடிக்கிறது. 'உங்கள் நூலகம் மிகப் பெரியது, பேராசிரியர்கள் சிறந்தவர்கள்' என்று எழுதினேன். வடக்கே எங்கேயோ இருக்கிற ஊர். நான் சேலத்தைத் தாண்டியதில்லை. அந்த நூலகத்தை எந்தக் கண்ணால் பார்த்தேனாம்? மூடின கண்ணாலா? அடித்துவிட்டேன்.

டிச. 4, புதன்

அதே பனி. காலை ஏழு மணிக்கு எஸ்டேட் ரைட்டர் வருகைப் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார்.

"புஷ்பம்!"

"இருக்கேனுங்க."

புஷ்பம் என் அம்மா. நான் ஜெனி. கட்டுரைக்கு ஒத்திகையாக இங்கே எழுதிப் பார்க்கிறேன்: எஸ்டேட் வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். புத்தகத்தில் பேர் விழவில்லையென்றால் வீட்டைக் காலி செய்யணும். மிளகு பறிக்க மரமேறிய அப்பா விழுந்து செத்தார். அடுத்த வருஷம் அம்மா மூட்டையோடு சரிவில் உருண்டு இடுப்பு போனது. ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சைக்கு மறுநாளிலிருந்து அம்மா பேருக்கு நான் குரல் கொடுக்கிறேன். ரெண்டு வருஷம் ஆச்சு. ரைட்டருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும். மூணாவது வீட்டில் மாமியார் பேருக்கு மருமகள் மல்லிகா வருகிறாள். யாரும் வாய் திறந்ததில்லை. எனக்கு இடம் கிடைத்தால், சித்தி கொட்டச்சேட்டிலிருந்து வந்து அம்மாவோடு இருந்து குரல் கொடுப்பதாகப் பேச்சு.

சாயங்காலம் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கடைசி வரி: 'தினமும் காலையில் என் அம்மாவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள், நான் இருக்கிறேன் என்கிறேன். உங்கள் வகுப்பில் என் பெயரைக் கூப்பிடுவீர்கள். அதனால்தான் உங்கள் பல்கலைக்கழகம்.'

ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை. சந்தோஷம். பெருமையாகக்கூட இருந்தது.

டிச. 7, சனி

அரை நாள் லீவு. ஏற்காடு. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, ஊரெல்லாம் டூரிஸ்ட். ஜெராக்ஸ் கடை கலா அக்காதான் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார். பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"ஏன் கண்ணு, இதெல்லாம் எழுதலாமா?"

"நெசந்தானுங்க அக்கா."

"நெசந்தான்..." என்று இழுத்தார். அப்புறம் அடித்தார்.

அனுப்பியாச்சு. எஸ்டேட் கடிதத்தை மட்டும் பின்னால் அனுப்பலாமாம். எனக்கு ஒரு பிரதி, ஃபாரமும் கட்டுரையும் சேர்த்துப் பின் அடித்தது. அம்மாவுக்கு வலி மாத்திரை வாங்கினேன். குடை மறந்து பஸ்ஸிலேயே போச்சு.

டிச. 9, திங்கள்

ரைட்டரிடம் கடிதம் கேட்டேன். "எதுக்குன்னு மேனேஜரு கேப்பாரு. இருக்கற காயிதத்த எல்லாம் குடு" என்றார். அப்படியே கட்டோடு கொடுத்தேன்.

மூணு மணிக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மேனேஜர் ரூமுக்குள் போனது இதுதான் முதல் தடவை. கையெல்லாம் காப்பிப் பிசின், பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கட்டுரை நீயே எழுதினதா?"

"ஆமாங்க."

"நல்லா எழுதியிருக்கம்மா. நீ இங்க இருக்க வேண்டிய பொண்ணே இல்ல."

கையெழுத்து, சீல், எல்லாம். வீடு வரை ஓடினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சீலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

டிச. 10, செவ்வாய்

ரைட்டர் பேர் கூப்பிட்டார். முத்தம்மா. ராணி. லூர்துமேரி. அப்புறம் செல்வி.

ராணிக்கு அப்புறம் புஷ்பம் வரணும். வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் சாமி இப்புடிப் பண்ணுன?" என்றார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே."

"தெரிஞ்சது வேற கண்ணு. காயிதத்துல வந்துட்டா, தெரியலைன்னு மேனேஜரு எப்புடிச் சொல்லுவாரு? மேல இருந்து கேட்டா அவரு வேல போயிரும்."

நல்லா எழுதியிருக்கிறேனாம்.

டிச. 12, வியாழன்

பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்யணும். என் பேரையாவது புத்தகத்தில் போடுங்க என்று கேட்டேன். புதுசாக ஆள் எடுப்பதில்லையாம், கான்ட்ராக்ட் ஆட்கள் வடக்கிலிருந்து வருகிறார்களாம். அவர்களுக்குத்தான் வீடு. அவர்கள் அங்கிருந்து இங்கே, நான் இங்கிருந்து அங்கே. நல்ல ஏற்பாடு.

மல்லிகா வீட்டையும் விசாரிக்கிறார்கள். குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. திரும்பின பிறகு காதில் விழுந்தது: "படிச்ச புள்ள எழுதிக் குடுத்துருச்சு பாரு."

என் வீட்டைப் பற்றித்தானே எழுதினேன்? மல்லிகாவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆனாலும் நான்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சித்திக்குப் போன் செய்தேன். "எங்க ஊட்லயே அஞ்சு பேரு கண்ணு, ஒத்த ரூமு. அக்காள எங்க படுக்க வெப்பேன்?" அழுதாள். நான் அழவில்லை. போனில் சார்ஜ் இல்லை.

டிச. 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை, ரெண்டு பேருமே.

"அப்புடி என்னதான் எழுதுன? படிச்சுக் காட்டு" என்றாள் அம்மா. தமிழில் சொன்னேன், கடைசி வரி வரைக்கும். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல பொய்யி ஒண்ணுமில்லையே கண்ணு."

திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் காலேஜுலருந்து போன்ல பேசறாங்கன்னியே..." என்றாள். இருபதாம் தேதி இன்டர்வியூ என்றேன். "அந்த ஆஸ்டல்ல எனக்கும் ஒரு ஓரமா எடம் குடுப்பாங்களான்னு கேளு. சும்மா வேண்டாம். ஒக்காந்தே காய் நறுக்கிக் குடுப்பேன்."

"கேக்கறேம்மா."

டிச. 20, வெள்ளி

வெயில், இத்தனை நாள் கழித்து. துணியெல்லாம் காய்ந்தது.

வீட்டில் டவர் கிடையாது. நாகலூர் பஸ் ஸ்டாப்பில்தான் பேச்சு. வேண்டாம் என்றாலும் அம்மா கூடவே வந்தாள். அரை மணி நேர வழி, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள்.

பதினொரு மணிக்கு அடித்தது. "ஜெனிபர்?" ஒரு நொடி யாரையோ என்று இருந்துவிட்டேன். மூணு பேர் பேசினார்கள். கட்டுரையைப் படித்து அழுதுவிட்டாராம் ஒரு மேடம். ஏன் எங்கள் பல்கலைக்கழகம் என்று திரும்பவும் அதே கேள்வி. நூலகம் மிகப் பெரியது என்றேன்.

கடைசியாக, எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்றார்கள். அம்மா பெஞ்சில் நிமிர்ந்தாள்.

"நோ மேடம். தேங்க் யூ."

போனை வைத்தேன்.

"கேட்டியா கண்ணு?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பாத்துட்டுச் சொல்றாங்களாம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காய் நறுக்குவேன்னு சொன்னியா?"

"சொன்னேம்மா."